மிலாவின் பெட்டிகளும் ஒரு நீல அட்டைப் புத்தகமும்

பிலிப்பைன்ஸ் எனக்குச் சீட்டுக் குலுக்கலில் வந்தது. மதுரையில் ஒரு பதிப்பாளர், ஆசிய நாடுகளின் விடுதலைப் போராட்டங்களைப் பற்றிச் சிறு நூல்களாக ஒரு வரிசை கொண்டுவர நினைத்து, வரலாறு கற்பிக்கும் ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார். ஆறு பேருக்கும் வியட்நாம்தான் வேண்டும். சண்டை வேண்டாமென்று நாடுகளின் பெயரை எழுதிக் குலுக்கினார்கள். நான் என் சீட்டைப் பிரித்ததும் பக்கத்தில் இருந்த பேராசிரியர், "பரவாயில்ல மேடம், சின்ன நாடுதான், சீக்கிரம் முடிச்சிருவீங்க" என்று ஆறுதல் சொன்னார். அது ஏழாயிரம் தீவுகள் கொண்ட நாடு என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மூன்று வருடம் எழுதினேன். பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு என்னால் தேடிப் பிடிக்க முடிந்தது நான்கே நான்கு புத்தகங்கள். நான்கையும் எழுதியவர்கள் அமெரிக்கர்கள். ஸ்பானியர்கள் முந்நூறு வருடத்துக்கு மேல் ஆண்ட கதையும், அவர்களை எதிர்த்துக் கிளம்பிய புரட்சியும் அவற்றில் விரிவாக இருந்தன. அதற்குப் பிறகு நடந்ததில்தான் கோளாறு. மக்கள் சுதந்திரம் என்று அறிவித்துக்கொண்ட நாட்டை ஸ்பெயின் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டுப் போனது. மக்கள் மறுபடி ஆயுதம் தூக்க வேண்டிவந்தது. அந்த இரண்டாவது போர் வரும் இடத்தில் மட்டும் நான்கு புத்தகங்களும் வேகமாக நடந்து கடந்துபோயின. அவற்றைப் பார்த்து எழுதிய என் கையெழுத்துப் பிரதியிலும் அந்த அத்தியாயம் இரண்டே பக்கம். அதில் ஒரு பிலிப்பினோகூட வாய் திறந்து பேசவில்லை. ஜூலையில் அச்சுக்குப் போகவேண்டும் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த இரண்டு பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான், 2004 மே மாதம், என் தங்கை மகள் ஷீபா மெல்பர்னிலிருந்து கூப்பிட்டாள். கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். "பெரியம்மா, லீவுதானே, வாங்க. இங்க லைப்ரரியெல்லாம் பெருசு பெருசா இருக்கு" என்றாள். கங்காருவைக் காட்டி ஆசைகாட்டாமல் நூலகத்தைக் காட்டி ஆசைகாட்டினாளே, அதற்காகவே கிளம்பினேன்.

முதலில் சிட்னி. என் பழைய மாணவி செல்வி ஸ்ட்ராத்ஃபீல்டில் குடியிருந்தாள். அங்கே ரயில் இரண்டு அடுக்கு. மாடி ரயிலைக் கண்டதும் சின்னப்பிள்ளை மாதிரி மேலே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். இறங்கவேண்டிய நிலையம் வந்தபோது படிக்கட்டில் எனக்கு முன்னால் ஒரு அம்மா குழந்தை வண்டியோடு நின்றார். அவருக்கு வழிவிட்டு நான் கீழே வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். எங்கள் ஊர் ரயிலாக இருந்தால் நாலு பேர் கத்தி, கார்டு பார்த்து, நிறுத்தியிருப்பார்கள். இங்கே யாரும் யாருக்காகவும் கத்துவதில்லை.

சிட்னி நூலகமும் ஷீபா சொன்னதுபோலப் பெரியதுதான். ஆனால் பிலிப்பைன்ஸ் அடுக்கில் என் நான்கு பழைய நண்பர்களே வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அவர்களுடைய உறவுக்காரர்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் நாள் நூலகத்துப் பெண்ணே என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு பழைய புத்தகக் கடைக்கு வழி சொன்னாள்.

கடைக்காரர் வயதான வெள்ளைக்காரர். கம்பளிச் சட்டையில் முழங்கை ஓட்டை. நான் உள்ளே போகும்போது கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. "தேநீர் வேண்டுமா?" என்று கேட்டார். வெளியே குளிர், காலையிலிருந்து நான் ஒன்றும் குடிக்கவில்லை. இருந்தாலும் பழக்கம் விடுமா? "இல்லை, வேண்டாம், நன்றி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றி, என் முன்னாலேயே உட்கார்ந்து ரசித்துக் குடித்தார். "அட, சும்மா குடிங்க" என்ற அடுத்த வார்த்தை வரும் வரும் என்று பார்த்தேன். வரவேயில்லை. எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்லுகிறவளை அலைந்தவள் என்பார்கள். மூன்றாவது தடவைதான் "சரி, அரை டம்ளர்" என்று இறங்கிவர வேண்டும். இந்த நாட்டில் அந்த ஏணிக்கு முதல் படி மட்டுமே இருக்கிறது.

ஆனால் நல்ல மனிதர். நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "மெல்பர்னில் ரமோன் என்று ஒருவர் இருந்தார். பிலிப்பைன்ஸ்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். தன் நாட்டைப் பற்றி என்ன புத்தகம் வந்தாலும் வாங்கிவிடுவார். போன வருடம் இறந்துவிட்டார். அவர் மனைவி மிலா வீட்டைக் காலி செய்கிறாள். புத்தகங்களை எடுத்துக்கொள்வாயா என்று என்னைக் கேட்டாள். என்னால் முடியவில்லை" என்றார். கடைத் தொலைபேசியிலிருந்தே எண்ணைச் சுழற்றி என்னிடம் கொடுத்தார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "சாப்பிட்டாயிற்றா?" என்பதுதான். ஆஸ்திரேலியாவில் கால்வைத்து ஐந்து நாளில் அந்நியர் ஒருவர் என்னிடம் அதைக் கேட்டது அதுவே முதல்முறை. அந்தக் கணமே மிலாவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மெல்பர்னில் ஷீபா ஓர் இலங்கைத் தமிழ் அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அந்தச் சரோ அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. தனியாள். கொழும்பிலும் பிறகு யாழ்ப்பாணத்திலும் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பேச்சு குறைவு, கேட்பது அதிகம். கடைச்சீட்டு எழுதும்போதுகூட விரல் கோழிக்கிறுக்கல் மாதிரி ஏதோ வளைக்கும். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு அதை அடித்துவிட்டுத் தமிழில் எழுதுவார்.

முதல் நாள் காலை புட்டும் சொதியும் வைத்தார். நான் போதும் போதும் என்று தட்டைக் கையால் மறைக்க, அவர் விரல் இடுக்கு வழியாகவே இன்னொரு குழல் புட்டைத் தள்ளினார். நான் சிட்னித் தேநீர்க் கதையைச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம், பிள்ளை. வேண்டாமெண்டால் வேண்டாம்தான். நான் வந்த புதுசிலை எத்தினை வீட்டிலை பசியோட எழும்பி வந்தனான் தெரியுமே" என்றார்.

நல்ல எச்சரிக்கை. அதை நான் காதில் வாங்கி, வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று குறித்துவைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

புதன்கிழமை மிலாவைப் பார்க்கக் கிளம்பினேன். அவர் வீடு ட்ருகனினாவில், நகரத்துக்கு மேற்கே. ரயிலில் போய், பேருந்து மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். எதிரே கிடங்குகள். கண்ணுக்கெட்டிய தூரம் தகரக் கூரைக் கிடங்குகளும் முள்செடி முளைத்த வெட்டவெளியும், நடுவே பொட்டுப் பொட்டாகப் புது வீடுகளும். மனிதர்கள் நடப்பார்கள் என்ற யோசனையே இல்லாமல் போட்ட சாலை. காற்று புடவையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. முக்கால் மணி நேரம் நடந்தபின் வழிகேட்கலாம் என்று ஒரு லாரியை நிறுத்தினேன். ஓட்டுநர் என் கோலத்தைப் பார்த்து, "வண்டி கெட்டுப்போய்விட்டதா?" என்றார். வண்டியே இல்லை என்றதை அவரால் நம்ப முடியவில்லை.

வாசலில் நிற்கும்போதே கருவாடு வறுக்கும் வாசனை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிலா கதவைத் திறந்து, என்னை உள்ளே இழுத்துக்கொண்டு, உடனே சாத்தினார். "அண்டை வீட்டார் ஒருமுறை எரிவாயுக் கசிவு என்று தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள்" என்று ரகசியம்போலச் சொன்னார். குட்டையான, வேகமான பெண்மணி, ஓய்வுபெற்ற நர்ஸ். வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. சாப்பாட்டு மேசைக்கு மேலே கடைசி இராப்போஜனப் படம், அதற்கு இருபுறமும் ஆளுயர மரக்கரண்டியும் மரமுள்கரண்டியும். படம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கரண்டி இல்லை.

பூண்டு போட்டு வதக்கிய சோறு, வறுத்த கருவாடு, தொட்டுக்கொள்ள வினிகர் என்கிற காடி. நம் கருவாட்டுக்குப் புளி, அவர்களுக்குக் காடி. வித்தியாசம் அவ்வளவுதான். இங்கே நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மிலா கேட்காமலே போட்டார், நான் பேசாமலே சாப்பிட்டேன்.

பக்கத்து அறையில் இடுப்பளவு அட்டைப் பெட்டிகள் ஐந்து நின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் எல்லாரும் ஊருக்குக் கப்பலில் பெட்டி அனுப்புவார்களாம். பாலிக்பாயான் பெட்டி என்று பெயர். ஊர் திரும்புகிறவரின் பெட்டி. எடை பார்ப்பதில்லை, பெட்டியின் அளவுதான் கணக்கு. அதனால் ஊசி நுழையும் இடம்கூட விடாமல் திணிப்பதே அவர்கள் கலை. டப்பா மாட்டிறைச்சி, துண்டு, சோப்பு, காலுறைக்குள் சாக்லேட். இந்தமுறை மிலா வீட்டையே காலி செய்துவிட்டு பிரிஸ்பேனில் மகளிடம் போகிறார். ரமோனின் புத்தகங்கள் முழுவதும் அவருடைய ஊர்ப் பள்ளிக்குப் போகின்றன. பத்தங்காஸ் மாகாணத்தில் ஒரு கிராமம். ரமோனின் தங்கை அந்தப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். லாரி சனிக்கிழமை வரும்.

புத்தகங்களைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மணிலாவில் அச்சான வரலாறுகள், கவிதைகள், விவசாயிகள் கிளர்ச்சி, நாடகப் பிரதிகள். எல்லாம் அவர்களே எழுதியவை. குறிப்பு எடுத்து எடுத்துக் கை வலித்தது. கடைசியில், மெலிந்த நீல அட்டையில் ஒரு சிறு புத்தகம் வந்தது. எழுதியவர் ரமோனின் அப்பா. போர் நடந்தபோது ஏழு வயதுப் பிள்ளை. பிறகு அமெரிக்க ஆசிரியர்களிடம் ஆங்கிலம் படித்து, தானும் ஆசிரியராகி, ஓய்வுபெற்ற பின், தன் ஊரில் அமெரிக்கப் படை என்ன செய்தது என்பதை அவர்கள் கற்றுக்கொடுத்த அதே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஊர் அச்சகம் ஒன்றில் போட்டது. பள்ளியில் இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது இதுதான்.

உட்கார்ந்த இடத்திலேயே முதல் மூன்று பக்கம் படித்தேன். மூன்று வருடமாக நான் தேடிய வாய் இதுதான் என்று தெரிந்துபோயிற்று.

மிலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எஸ்தர், இதை நீ எடுத்துக்கொள். ரமோன் இருந்தால் உனக்குத்தான் கொடுத்திருப்பார்" என்றார்.

ஒரே பிரதி. கணவரின் அப்பா எழுதியது. நீட்டியதும் கையை நீட்டிவிட முடியுமா? "ஐயோ, வேண்டாம் மிலா. இது உங்கள் குடும்பச் சொத்து. நான் எப்படி எடுத்துக்கொள்வது?" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருந்தேன். இவர் வெள்ளைக்காரி இல்லையே, கருவாடு சாப்பிடுகிறவர், சாப்பிட்டாயா என்று கேட்கிறவர். இரண்டாம் தடவை கட்டாயம் கேட்பார்.

மிலா என் தோளைத் தட்டிக்கொடுத்து, புத்தகத்தை வாங்கி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கிளம்பும் நேரம் அவரே என்னைப் பேருந்து நிறுத்தத்தில் விடுவதாகச் சொல்லிக் காரை எடுத்தார். வழியிலாவது கேட்பார் என்று நினைத்தேன். தட்பவெப்பம் பற்றிப் பேசினார். சரி, வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகத்தானே இருக்கிறேன், அப்போது கேட்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஷீபா என்னைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனாள். உலகமே வந்து பார்க்கிற பாறைகளாம். கடலுக்குள் நின்றன. "எப்படி இருக்கு பெரியம்மா?" என்று ஆசையாகக் கேட்டாள். "நல்லா இருக்கு புள்ள" என்றேன். என்ன பார்த்தேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. திரும்பி வந்ததும் சரோ அக்கா, "மிலா எண்டொரு ஆள் ரெலிபோன் எடுத்தவ. லொறி நாளைக்கு மூண்டு மணிக்கே வருதாம். பெட்டியெல்லாம் கட்டியாச்சாம்" என்றார்.

நடந்ததை அவரிடம் கொட்டிவிட்டேன்.

"நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?"

"ஆமாக்கா. ஒரு மரியாதைக்குத்தான் சொன்னேன்."

"அவ இஞ்ச எத்தினை வருசம்?"

"இருபத்தெட்டு."

"நாளைக்கு நான் காரிலை கொண்டுபோய் விடுறன்" என்று சொல்லிவிட்டுச் சரோ அக்கா அடுக்களைக்குள் போனார்.

காரில் போவதால் சீக்கிரம் போய்விடலாம் என்று நம்பினேன். மேற்குப் பக்கம் போக ஒரு உயரமான பெரிய பாலத்தைத் தாண்டவேண்டும். "அந்தப் பாலம் எனக்குச் சரிவராது, பிள்ளை. காத்து தள்ளும்" என்று சரோ அக்கா ஊரைச் சுற்றினார். நாற்பது கிலோமீட்டர் வேகம். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பினார்கள். ஆஸ்திரேலியர்களும் கத்துவார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால்.

ஐந்து பெட்டிகளும் பழுப்பு நாடா சுற்றி, கறுப்பு மையில் முகவரி எழுதி, வாசலுக்குப் பக்கத்தில் நின்றன. நீலப் புத்தகம் கண்ணில் படவில்லை. மிலா சந்தோஷமாக இருந்தார். "ரமோனின் தங்கையிடம் பேசினேன். அப்பா புத்தகம் வருகிறது என்றதும் தொலைபேசியிலேயே அழுதுவிட்டாள். நீ வேண்டாம் என்று சொன்னபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தப் பெண்ணுக்கு அது எங்கே போகவேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குமேல் எப்படிக் கேட்பது? மதுரைப் பதிப்பாளர் முகம் வந்தது, அந்த இரண்டு பக்கம் வந்தது. சரோ அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஐம்பத்துமூன்று வருடத்தில் எதையும் நேராகக் கேட்டிராத நான், கேட்டேன்.

"மிலா, நான் சொன்னது பொய். எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும். நீங்கள் இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்."

மிலா வாயைப் பிளந்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "எங்கள் ஊரிலும் அப்படித்தான். மூன்று தடவை கேட்கவேண்டும். இங்கே வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் எல்லாரையும் மூன்று தடவை கேட்டேன். தொந்தரவு செய்கிறேன் என்று புகார் எழுதிவிட்டார்கள். அதோடு விட்டேன்" என்றார். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "ஆனால் அவளிடம் சொல்லிவிட்டேனே, எஸ்தர்."

"புத்தகம் பள்ளிக்கே போகட்டும். எனக்கு அந்தப் போர் அத்தியாயம் மட்டும் போதும்" என்றேன்.

நகலெடுக்கும் இடம் அந்த வெட்டவெளியில் எங்கே இருக்கிறது? எந்தப் பெட்டி என்றும் மிலாவுக்கு நினைவில்லை. நாடாவை அறுத்தோம். முதல் பெட்டியில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில், டப்பா மாட்டிறைச்சிக்கும் குளியல் துண்டுக்கும் நடுவில், பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது. போர் அத்தியாயம் இருபத்தாறு சிறிய பக்கங்கள். மணி இரண்டே கால். நான் பேனாவைத் திறந்தேன். நான் எழுதுகிற வேகத்துக்கு நாலு பக்கம் தேறினால் அதிகம்.

அப்போது சரோ அக்கா கைப்பையைத் திறந்து, கோடு போட்ட ஒரு குறிப்பேட்டை எடுத்து முழங்காலில் வைத்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறார். "அவவை வாசிக்கச் சொல்லுங்கோ. நிப்பாட்டாமல் வாசிக்கட்டும்" என்றார்.

மிலா வாசித்தார். அந்தப் புத்தகத்தை இருபத்தெட்டு வருடம் தூசி தட்டியிருக்கிறார், ஒருமுறைகூடத் திறந்ததில்லையாம். சரோ அக்காவின் கை தாளில் ஓடியது. கொக்கியும் புள்ளியும் கோடுமாக வரிகள் இறங்கின. தலை நிமிரவேயில்லை. கிராமத்தார் எல்லாரும் குறிப்பிட்ட நாளுக்குள் நகரத்துக்கு வந்துவிட வேண்டும், எல்லைக்கு வெளியே இருக்கும் வீடும் நெல்லும் எரிக்கப்படும் என்று உத்தரவு வருகிறது. ஏழு வயதுப் பிள்ளையின் கண்ணால் அது வருகிறது.

மூன்று மணிக்கு லாரி வந்தது. ஜுன் என்ற அந்த ஓட்டுநரும் பிலிப்பினோ, ஐம்பது வயதிருக்கும். பிரிந்துகிடந்த பெட்டிகளைப் பார்த்து நெற்றியில் கைவைத்தார். மிலா சாப்பிடச் சொன்னார். "சாப்பிட்டுவிட்டேன்" என்றார் ஜுன். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில், "பரவாயில்லை, சாப்பிடுங்கள்" என்று சொன்ன வேகத்தில் மனிதர் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். மிலா சோற்றைப் போட்டுவிட்டு வந்து புத்தகத்தைத் தொடர்ந்தார்.

பத்தொன்பதாவது பக்கம் என்று நினைக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும் காலை. மூட்டைகள் மாட்டுவண்டியில் ஏறிவிட்டன. பிள்ளையின் அம்மா மட்டும் மறுபடி உள்ளே போகிறாள். அன்று மாலைக்குள் எரியப்போகிற வீட்டை, மூலை முடுக்கு விடாமல் பெருக்குகிறாள். துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கி வருகிறாள்.

மிலா வாசிப்பதை நிறுத்தினார். அவர் கண் கூடத்துத் தரைக்குப் போயிற்று. அன்று காலையில்தான் பெருக்கித் துடைத்திருந்தார். திங்கட்கிழமை சாவியைக் கொடுக்கவேண்டிய வீடு அது. ஜுன் எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கிக் கடைசிவரை வாசித்தார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவர் வாசித்து முடித்தபோது மணி நாலு. தாமதத்துக்கு யாரிடம் என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மிலா புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். "எடுத்துக்கொள், எஸ்தர். தங்கையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

"வேண்டாம்" என்றேன்.

"உண்மையாகவா?"

"வேண்டாம், மிலா."

"மூன்றாவது தடவை கேட்கிறேன். அந்தப் புகாருக்குப் பிறகு இங்கே யாரையும் மூன்றாவது தடவை கேட்டதில்லை."

"வேண்டாம்" என்றேன். அந்த மூன்றும் மரியாதைக்குச் சொன்னவை இல்லை. புத்தகத்தை நானே பிளாஸ்டிக் பையில் போட்டு, துண்டுக்குக் கீழே வைத்தேன். ஜுன் நாடா ஒட்டினார்.

திரும்பும்போதும் பாலத்தைச் சுற்றித்தான் வந்தோம். ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது, சரோ அக்கா முன்னால் பார்த்தபடியே, "தொண்ணூற்றைஞ்சிலை சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்கை, நானும் வீட்டைக் கூட்டிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான்" என்றார். பச்சை விழுந்து பின்னால் ஒலியெழுப்பினார்கள். அவர் அவசரப்படவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சரோ அக்கா ஷீபாவின் கணினியில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, பதினாறு தாள்களை என் கையில் கொடுத்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதை மட்டுமல்ல, சாட்சி கூண்டில் நின்று அழுதால் அதையும் அடைப்புக்குறிக்குள் குறிக்கவேண்டும் என்பது அவர்கள் தொழில் முறையாம். பழக்கம் அவரையும் விடவில்லை. துடைப்பம் வரும் இடத்தில் அப்படி இரண்டு வரிகள் இருந்தன. அவற்றைத் தமிழாக்கி, என் அத்தியாயத்தில் அதே இடத்தில் வைத்தேன்.

மதுரையில் பதிப்பாளர் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எல்லாம் சரி மேடம். இந்த அடைப்புக்குறி ரெண்டு மட்டும் வரலாற்றுப் புத்தகத்துக்கு ஒட்டல. எடுத்துரலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஊர்ப் பழக்கப்படி இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன். புத்தகத்தில் இன்றும் அவை அப்படியே இருக்கின்றன:

(வாசித்தவர் இங்கே நிறுத்தினார். லாரி ஓட்டுநர் தொடர்ந்தார்.)

(சுருக்கெழுத்தாளர் ஒரு நிமிடம் எழுதவில்லை.)